பதினெட்டு ஓடும் கார்

வேகமாக ஓடவென்றே செய்த காரை மெதுவாக ஓட்டவென்றே வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மன்னாரில் இருக்கிறார். கார் சிவப்பு நிறம், இரண்டே இரண்டு கதவு, பின்பக்கம் ஒரு சிறகு. தரைக்கும் காருக்கும் இடையில் ஒரு கோழி நுழைவதென்றால் படுத்துத்தான் நுழைய வேண்டும். கொழும்பில் யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளை ஆசை தீர ஓட்டிவிட்டு விற்ற ஜப்பான் கார் அது. அதை அவர் ஓட்டிய நேரத்தைவிட, அது எவ்வளவு குறைவாகக் குடிக்கிறது என்று சொன்ன நேரம்தான் அதிகம்.

"லீற்றருக்குப் பதினெட்டு ஓடும்" என்பார். யாரும் கேட்க வேண்டியதில்லை. தேத்தண்ணிக் கடையில் சொல்வார். பூசை முடிந்து கோயில் வாசலில் சொல்வார். ஒருமுறை செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார். ஊர் அவருடைய ஞானஸ்நானப் பெயரை மறந்து, 'பதினெட்டு' என்றே கூப்பிடத் தொடங்கியது. அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

அடம்பனில் எங்கள் கந்தோரில் அவருக்கு வரைபடம் கீறும் வேலை. நான் அங்கே எழுதுவினைஞன். பஸ் தவறிய நாட்களில் நகரத்திலிருந்து அவருடைய காரில்தான் போவேன். என் வாழ்நாளில் நான் பட்ட வெட்கத்தில் முக்கால்வாசி அந்தக் காருக்குள் இருந்து பட்டது.

ஏறுவதற்கு முன்பே சட்டங்கள் தொடங்கிவிடும். ஏசி போடக்கூடாது, அது பெற்றோல் குடிக்கும். கண்ணாடி இறக்கக்கூடாது, காற்று உள்ளே புகுந்து காரைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே மன்னார் வெயிலில் கண்ணாடியை மூடிக்கொண்டு அவிந்தபடி போக வேண்டும். ஒரு நாள் என் சாப்பாட்டுப் பார்சலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, பாரம் கூட. பாதியை இஞ்சையே சாப்பிட்டிட்டு ஏறன்."

"சாப்பிட்டாலும் அந்தப் பாரம் என்னோடைதானே அண்ணை வரும்?"

அன்றைக்கு அடம்பன் வரும்வரை அவர் அதையே யோசித்துக்கொண்டே வந்தார்.

இதை எல்லாம் தாங்கலாம். பாலம்தான் தாங்க முடியாதது. எங்கள் ஊர் தட்டையான ஊர். இறக்கம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலத்தின் அந்தச் சின்ன முதுகு மட்டும்தான். அதன் உச்சிக்கு வந்ததும் பதினெட்டு எஞ்சினை நிறுத்திவிடுவார். கார் சத்தமில்லாமல் உருளத் தொடங்கும். உருண்டு உருண்டு, ஆசுப்பத்திரிக்குப் போகும் கிழவரின் நடைக்கு இறங்கி, சரியாகச் சோதனைச்சாவடிக்கு முன்னால் வந்து நிற்கும். சத்தமில்லாமல் வந்து நிற்கும் சிவப்புக் காரை எந்த ஆமிக்காரனும் சும்மா விடமாட்டான். முதல் நாள் துவக்கோடு ஓடி வந்தவன், காருக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மனமிரங்கினான்.

"மாத்தையா, பெட்ரோல் நெத்த?" என்றான். ஐயா, பெற்றோல் இல்லையா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பதினெட்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மூன்று பேர் கூடி, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களை நல்ல தூரம் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். நான் சீற்றுக்குக் கீழே போகப் பார்த்தேன். அந்தக் காரில் சீற்றுக்குக் கீழே இடமும் இல்லை.

பதினெட்டு என்ற கணக்கு எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். "ரவுணுக்குள்ளை ஓடினது கணக்கிலை வராது, சனம் குறுக்கை வரும். ஆள் ஏத்தின நாள் கணக்கிலை வராது. கழுதை மறிச்ச நாள் வராது. சோளகக் காத்து எதிர்த்து அடிச்சால் அதுவும் வராது" என்றார். அப்படிப் பார்த்தால் மீதி என்ன நாள் வரும் என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது. பெற்றோல் செற்றுகளுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையில் கிடந்தன. மனிதர் வரிசையிலேயே படுத்து, வரிசையிலேயே சாப்பிட்டார்கள். அந்த வருடம் பார்த்துத்தான் அம்மா எனக்கு உயிலங்குளத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடிவுக்குக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கோயில் திருநாளில் அவளை இரண்டு முறை பார்த்திருந்தேன். எனக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. வேறு பெண் பார்க்கிற எண்ணமே எனக்கு இல்லை. தகப்பன் ஒரு தரம் மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வாடகைக்கு வான் இல்லை, ஓட்டோ இல்லை. ஊரில் எண்ணெய் இருந்த ஒரே கார் பதினெட்டின் கார்தான். ஓடினால்தானே முடிவதற்கு!

"நான் கொண்டுபோய் விடுறன் தம்பி. நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்றார் அவர். நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

அம்மா செபமாலையோடு முன் சீற்றில். நான் பின்னால் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்தபடி, வெள்ளைச் சேட்டோடு. பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு லொறி போனது. பதினெட்டுக்கு முகம் மலர்ந்தது.

"அதுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு போனால் காத்தை அது வெட்டும். எங்களுக்கு எண்ணெய் மிச்சம்."

அது கருவாட்டு லொறி. உயிலங்குளம் வரை அதன் பின்னாலேயே போனோம். கண்ணாடி பூட்டியிருந்தும் எந்த ஓட்டையால் வந்ததோ, மணம் வந்து சேட்டில் ஊறியது. அம்மா செபமாலைச் சிலுவையை மூக்கில் வைத்துக்கொண்டார். அது பக்தி இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிரதான வீதியிலிருந்து குளக்கட்டுப் பக்கம் திரும்பியதும் காரின் வயிறு தரையில் தட்டியது. பதினெட்டு நிறுத்தினார். "கோவிக்கக் கூடாது, ரெண்டு பேரும் இறங்கினால் கார் கொஞ்சம் எழும்பும்."

இறங்கினோம். முன்னால் சிவப்புக் கார் ஆடி அசைந்து போக, பின்னால் புழுதியில் அம்மாவும் நானும் சுரூபப் பவனிக்குப் பின்னால் போகிற சனம் மாதிரி நடந்தோம். வேலிக்கு வேலி தலைகள் முளைத்தன. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் காருக்குப் பின்னால் ஏன் நடந்து வருகிறார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

பெண்ணின் தகப்பன் முற்றத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் படங்கு போர்த்தபடி நின்றது. டீசல் இல்லாமல் அந்தப் போகம் வயல் உழுபடவில்லை. அவர் காரைப் பார்த்தார், சிறகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்கோ, இருங்கோ" என்று கதிரைகளைக் காட்டினார். மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. நாங்கள் இருந்த பிறகும் அவர் இருக்கவில்லை.

"மாப்பிள்ளையின்ரை காரோ?"

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா லேசாகப் புன்னகைத்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தத் தாய்க்கும் வருகிற சின்ன ஆசைதான் அது. ஆனால் தகப்பனுடைய முகம் இறுகிவிட்டது.

"அம்மா, குறை நினைக்காதையுங்கோ. ஒரு கான் டீசலுக்கு நான் றோட்டிலை படுத்துக் கிடக்கிறன். இந்த நேரத்திலை இப்பிடிக் காரிலை ஊர் சுத்துற பொடியனுக்குப் பிள்ளையைக் குடுத்தால், நாளைக்கு அவளுமெல்லோ கானோடை வரிசையிலை நிக்க வேணும்? லீற்றருக்கு எவ்வளவு ஓடும் இது?"

வருடக்கணக்காகப் பதினெட்டு காத்திருந்த கேள்வி. அவர் நிமிர்ந்தார். அவர் இப்போது அந்த எண்ணைச் சொல்லுவார், வயல்காரர் சிரிக்கவும் மாட்டார், நின்றபடியே வழியனுப்புவார், கதை முடிந்தது. கதவுத் திரைக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று பட்டது.

அவர் வாய் திறந்தது. மூடியது. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, கார் என்ரை. பொடியனுக்கு ஒரு சைக்கிள்தான் இருக்கு. வான் கிடைக்கேல்லை, அதாலை நான் கூட்டி வந்தனான்." காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒன்பது ஓடும். ரவுணுக்குள்ளை எட்டுக்கும் இழுக்கும். பொடியன் இந்தக் காரை வாங்க வேண்டாம் எண்டு எனக்குச் சொன்னவன்."

கடைசி வசனம் பச்சைப் பொய். அவர் கார் வாங்கும்போது எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. மற்றதெல்லாம் உண்மை. அந்த உண்மையைச் சொல்லும்போது அவருடைய காதுகள் காரின் நிறத்துக்கு வந்துவிட்டன. அதுவரை நான் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மனிதருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

தகப்பன் காரை இன்னொரு முறை பார்த்தார். "ஒன்பதோ!" என்றார். "என்ரை லான்ட்மாஸ்டர் தேவலை." அதற்குப் பிறகுதான் கதிரையை இழுத்து இருந்தார். "பிள்ளை, தேத்தண்ணி கொண்டா."

அவள் தட்டத்தோடு வந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"கருவாடு ஆரும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"சைக்கிள் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினெட்டு தேத்தண்ணி குடிக்கவில்லை. வெளியே போய்க் காரின் முன்மூடியில் கையை வைத்தபடி நின்றார்.

திரும்பும் வழியில் அம்மா நித்திரை. நான் கேட்டேன்: "ஒன்பது எண்டு எப்ப அண்ணை தெரியும்?"

"வாங்கின கிழமையே தெரியும்."

"பிறகேன்?"

"சின்ன வயசிலை இருந்து ஆசைப்பட்டு வாங்கினது தம்பி. அதைப் பிழை எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது? வெட்கமாயிருந்தது" என்றார்.

மறுநாள் கந்தோரில் யாரோ கேட்க, அவர் வழமைபோலப் பதினெட்டு என்றார். நான் தலையைக் குனிந்து கோப்பு பார்த்தேன். இதை எழுதலாமா என்று போன கிழமை அவரிடமே கேட்டேன். "எழுது. ஆனால் அண்டைக்கு எதிர்க்காத்து எண்டும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சில பின்னேரங்களில் உயிலங்குளத்திலிருந்து நானும் மனைவியும் திரும்பி வரும்போது பாலத்தில் அந்தச் சிவப்புக் கார் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். பஸ் ஹோன் அடித்து முந்தும், ஓட்டோ முந்தும், மீன்கூடை கட்டிய சைக்கிள்காரரும் முந்துவார். எனக்குப் பின்னால் வருகிறவர்கள், இவனுக்கு என்ன வருத்தம் என்று கத்திவிட்டுப் போவார்கள். அவள் என் தோளில் தட்டி, "நீங்கள் முந்தாதையுங்கோ" என்பாள். அவர் கரை சேரும்வரை நாங்கள் பின்னாலேயே மெல்ல மெல்லப் போவோம்.