சிவப்பி அடை படுத்தாள்

"சேவல் எங்கே, மாணிக்தா?"

கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தின் இரண்டாவது மாடி. வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டவன் பக்கத்து மேஜை விக்ரம். கடிதப் பிரிவில் பதினொரு வருஷமாக எந்தக் கடிதத்துக்கும் மூன்றாம் நாள் பதில் எழுதிவிடுகிற இராஜமாணிக்கத்துக்கு, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

"சேவல் எதுக்கு? நாலு பெட்டை இருக்கு. அதுல சிவப்பி அடை படுத்திருக்கா. ஒன்பது முட்டை வெச்சு இன்னைக்கு நாலாம் நாள்."

"யார் போட்ட முட்டை?"

"அதுங்களே போட்டதுதான்."

விக்ரம் கல்கத்தாவிலேயே பிறந்தவன். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்; அண்ணா என்பதற்குப் பதில் 'தாதா', 'மாணிக்தா' என்றுதான் கூப்பிடுவான். கோழியைப் பிரியாணிக்கு வெளியே அதிகம் பார்த்தவனில்லை. இருந்தாலும் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"சேவல் இல்லாம முட்டை வரும் தாதா, குஞ்சு வராது. இருபத்தொரு நாள் இல்ல, இருபத்தொரு வருஷம் உட்கார்ந்தாலும் வராது. நம்ம ஃபைல் மாதிரி."

இராஜமாணிக்கம் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்தார். அவர் பிறந்து படித்தது முசிறியில்தான். ஆனால் அங்கே சேவல்கள் தெருவில் தாமாகத் திரிந்தன; அவற்றால் என்ன உபயோகம் என்று யோசிக்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

கவலை கோழிக்குஞ்சைப் பற்றியது அல்ல. அவருடைய பிள்ளையைப் பற்றியது.

மனைவி தமயந்திக்கு இது ஏழாம் மாதம். இரண்டாம் மாதத்தில் டாக்டரம்மா தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார். கடை முட்டையில் தமயந்திக்கு நம்பிக்கை இல்லை. அலுவலகப் பியூன் கலியன், கரக்பூர்த் தமிழன், வீட்டில் கோழி வளர்ப்பவன், நாலு பெட்டைகளைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் கொல்லையில் கூண்டும் அடித்துக் கொடுத்தான். சேவல் கூடாது என்று காலனிக் கமிட்டி முதலிலேயே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு ரயில் கார்டு பாபு ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர். கோழி எச்சத்தைப் பிள்ளைத்தாய்ச்சி தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால், கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, முட்டை எடுப்பது எல்லாம் இராஜமாணிக்கத்தின் வேலை. தமயந்தி ஜன்னலுக்கு உட்பக்கம் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது துறையூர்ச் சட்டம். மாமியார் சுந்தரவல்லி அந்தச் சட்டத்தின் காவல்காரர். மூன்றாம் மாதம் பலகாரக் கூடையோடு மகளைப் பார்க்க வந்தவர் நாலே நாள்தான் இருந்தார். கலியன் அவரை லேக் மார்க்கெட்டுக்கும் காளிகாட்டுக்கும் கூட்டிப் போய்க் காட்டினான். "மாப்பிள்ளை வீட்டுல இதுக்கு மேல கை நனைச்சா ஊரு சிரிக்கும்" என்று ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டார். ஹவுராவில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளைப் பிரிகிற துக்கம் என்று இராஜமாணிக்கம் எடுத்துக்கொண்டார்.

அவருக்கோ பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். காரணம், அண்ணன் பன்னீர்செல்வம். அண்ணி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய், அண்ணன் தன் மகனை முதன்முதலில் தூக்கியது ஐந்தாம் மாதத்தில். பையன் வீறிட்டு அழுதான். பேச வந்த பிறகும் ஒரு வருஷம் பெற்ற அப்பனை 'மாமா' என்றே கூப்பிட்டான். அந்த நிலைமை தனக்கு வரக் கூடாது என்று இராஜமாணிக்கம் மனைவியிடம் சொல்லியிருந்தார். தமயந்திக்கும் இங்கேயே இருக்கத்தான் ஆசை. அம்மாவை எதிர்த்துப் பேசத்தான் நாக்கு எழவில்லை.

அந்தச் சமயத்தில்தான், போன ஞாயிற்றுக்கிழமை, சிவப்பி அடை படுத்தாள். தமயந்தி அதைத் தொலைபேசியில் சொன்னதும், சுந்தரவல்லி எத்தனை முட்டை என்று கேட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"பிள்ளைத்தாய்ச்சி வீட்டுல கோழி அடை படுக்கறது சும்மா இல்லடி. அது நல்லபடியா பொரிச்சு எந்திரிச்சா, அந்த வீட்டுலயே பிரசவம் ஆகணும்னு தெய்வம் சொல்லுதுன்னு அர்த்தம். பொரிக்கலைன்னா நம்ம ஊருதான். மறுபேச்சுக் கிடையாது."

இராஜமாணிக்கம் அன்று சந்தோஷத்தில் இரண்டு தரம் கூண்டைக் கழுவினார். இன்று, மூடி வைத்த தயிர்சாதத்தின் எதிரே, அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மூன்றாம் மாதம் வந்தபோது மாமியார் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மகளிடம், "சேவல் இல்லையாடி?" என்று கேட்டார். ஆக, அவருக்குத் தெரியும். நடக்காது என்று தெரிந்தே போட்ட நிபந்தனை.

மருமகனிடம் மாமியார் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. எனவே, எழுத்துதான் வழி என்று ஒரு தாளை எடுத்தார். 'பொருள்: பிரசவம் – இடம் – மறுபரிசீலனை கோருதல்' என்று எழுதினார். படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டார்.

கலியன் இருந்தால் அவனைக் கேட்டிருக்கலாம். அவனோ திங்கட்கிழமை கொல்லையில் ஒரு சாக்கு மரத்தூளைப் போட்டுவிட்டு, தங்கை கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவில் கரக்பூர் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே மெட்டியாபுருஸில் கோழி வளர்க்கும் கரீம் சாச்சாவிடம் சொல்லி ஒரு சேவலை இரவல் வாங்கி வந்தார். தமயந்தி காரணம் கேட்டாள். கோழிகளுக்குத் துணைக்கு என்றார். சேவல் வந்த வேகத்தில் சிவப்பியைக் கூடையிலிருந்து கிளப்பிவிட்டது. மறுநாள் காலையில் கார்டு பாபு கண்ணுக்கு அடியில் கருவளையத்தோடு வாசலில் வந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல், கூண்டையே பார்த்தார். விக்ரம் மட்டும் பேசினான்.

"போட்ட முட்டைக்கு அப்புறம் சேவல் வந்து என்ன பண்ணும், தாதா? ட்ரெயின் போன பிறகு டிக்கெட் எடுக்கிற மாதிரி."

சேவல் திரும்பிப் போனது. சனிக்கிழமை அதற்குப் பதிலாக, சேவல் மிதித்த முட்டை ஒன்பது வந்தது. தமயந்தி குளிக்கப் போன நேரம் பார்த்து இராஜமாணிக்கம் சிவப்பியின் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு மாற்றினார். சிவப்பி புறங்கையைக் கொத்திப் பதம் பார்த்துவிட்டாள்.

"என்னங்க கையில?"

"ஆபீஸ் ஸ்டேப்ளர்."

"அதுக்கு மூக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

எடுத்த பழைய முட்டைகளை வீணாக்க மனமில்லாமல், சமையலறையில் ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் கருவின்மேல் சிவப்பு நூல் நூலாக என்னவோ பின்னிக் கிடந்தது. ஆறு நாள் புழுக்கத்தில் முட்டை கெட்டுப்போனால் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் அதிசயமாகப் பார்த்தார். பிறகு மீதி எட்டையும் பையில் போட்டு எடுத்துப் போய், படித்துறையில் இறங்கிக் கங்கையில் விட்டார்.

திங்கட்கிழமை காலையில்தான் அடுத்த இடி. தமயந்தி நாள்காட்டியில் அடை வைத்த ஞாயிறு முதல் இருபத்தொரு கட்டம் போட்டு, தினம் ஒன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். புது முட்டை அதில் ஆறு நாள் பின்தங்கி இருந்தது. இருபத்தோராம் நாள் மாமியார் போன் செய்யும்போது கூடையில் ஓர் ஓடுகூட விரிந்திருக்காது. ஊர் டிக்கெட் உறுதி.

மறுபடி கரீம் சாச்சா.

"ஏற்கெனவே எட்டு நாள் அடையில் இருந்த முட்டை வேண்டும்" என்றார் இராஜமாணிக்கம்.

முப்பது வருஷமாகக் கோழி வியாபாரம் செய்யும் சாச்சா இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. பாபு, நீங்கள் ரயில்வேயில் முட்டைக்கும் டைம்டேபிள் போடுகிறீர்களா என்று கேட்டார். ஐந்தாறு கோழிகள் அடையில் இருந்தன. எது என்றைக்குப் படுத்தது என்பது அவற்றுக்குத்தான் தெரியும். ஒரு குத்துமதிப்பாக ஒன்பது எடுத்துக் கொடுத்தார். இராஜமாணிக்கம் அவற்றைத் தன் குளிர்காலக் குரங்குக் குல்லாவுக்குள் வைத்து, டிபன் டப்பாவில் அடைத்து, ஆட்டோவில் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க ஓட்டுநரிடம், மெல்லப் போப்பா, பள்ளத்தில் விடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேகத்தைக் குறைத்தான்.

இரண்டாவது மாற்றமும் முடிந்தது. அடுத்த கையிலும் ஸ்டேப்ளர் குத்தியது.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து தமயந்தியின் குரல் வந்தது.

"ஏங்க. இங்க வாங்க. கூடையில ஏதோ கத்துது."

எட்டுக் குஞ்சுகள். ஈரம் காயாத மஞ்சள் பஞ்சுருண்டைகள். சிவப்பி, இதில் தனக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இராஜமாணிக்கம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். தமயந்தி சிரிக்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பதினாலாம் நாள்."

அவர் நாள்காட்டியின் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"இருபத்தொரு நாள்ல பொரிக்க வேண்டியது ஏழு நாள் முன்னாடியே பொரிச்சிருக்கு. நமக்கும் முன்னாடியே வந்துடுமாங்க?" அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

அதற்குள் அவள் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. சுந்தரவல்லி மறுமுனையில், "பொரிச்சிருச்சா? நிசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். நாள் கணக்கைச் சொன்னபோது அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "நான் இன்னைக்கே ரயிலேறி வரேன்" என்று வைத்துவிட்டாராம்.

"அம்மாவே பயந்துட்டாங்க. என்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வர்றாங்க" என்றாள் தமயந்தி.

இராஜமாணிக்கம் தரையில் உட்கார்ந்தார். பிறகு விக்ரம் கேட்ட கேள்வியிலிருந்து குரங்குக் குல்லா வரை, தேதி வாரியாக, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். தமயந்தி முழுக்கக் கேட்டாள். கடைசியில் அவர் இரண்டு கைகளையும் பிடித்து, கொத்துப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அப்போ எனக்கும் என் பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல. நான்தான் கூமுட்டை."

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்." அவள் முகம் தெளிந்தது, பிறகு மறுபடி வாடியது. "சாமி பேரைச் சொல்லி அம்மாவை ஏமாத்த வேண்டாங்க. நீங்களே சொல்லிடுங்க. ஊருக்குப் போகச் சொன்னா போறேன்."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் கஷ்டம்.

புதன்கிழமை இராஜமாணிக்கம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹவுராவுக்குப் போனார். வழி நெடுக வாக்கியங்களை மனத்தில் அடுக்கினார். 'அத்தை, ஒரு விஷயம். முட்டை எதுவும் நம்ம கோழியோடது இல்லை.' இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. ரயிலின் ஜன்னலில் தமயந்தி இருப்பாள். ஐந்து மாதம் கழித்து யாரோ ஒரு கைக்குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழும்.

ரயில் வந்தது. பெட்டியிலிருந்து முதலில் இறங்கியது கலியன். லீவு முடிந்து கரக்பூரில் அதே பெட்டியில் ஏறியிருக்கிறான். பின்னால் சுந்தரவல்லி, மருமகனைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க" என்று பக்கத்துத் தூணைப் பார்த்துச் சொன்னார். போன தடவை பார்த்ததைவிடப் பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார்.

அதன் பிறகு மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. இரண்டு டிரங்குப் பெட்டி. பிரசவ லேகியச் சரக்கு ஒரு சாக்கு. மிளகாய்த்தூள் டின். இட்லிக் கொப்பரை. தலையணை. கடைசியாக, சுருட்டிக் கட்டிய ஒரு கோரைப்பாய்.

பெண்ணைக் கூட்டிப் போக வருகிறவர் பாயைச் சுருட்டிக்கொண்டா வருவார்? இராஜமாணிக்கத்துக்குப் புரியவில்லை. மாமியார் போர்ட்டரிடம் தமிழிலேயே பேரம் பேசிக்கொண்டிருந்த சமயம், கலியனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"கலியா, அந்தக் குஞ்சு எதுவும் நம்ம சிவப்பியோட முட்டை இல்ல. எல்லாம் நான் மாத்தி வெச்சது. அத்தைகிட்ட சொல்லிடப் போறேன்."

கலியன் டிரங்குப் பெட்டியைத் தலையிலிருந்து கீழே வைத்தான். மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லிராதீங்க சார், கூப்பிடாம மாப்பிள்ளை வீட்டுல வந்து ஆறு மாசம் இருக்க அந்தம்மாவுக்கு வேற வழி தெரியாமத்தான், லீவுல போறதுக்கு முன்னாடி என்கிட்ட போன்ல அழுது, உங்க கூண்டுல இருந்ததை எடுத்துட்டு எங்க வீட்டுச் சேவல் மிதிச்ச முட்டையா ஒன்பது வைக்கச் சொன்னாங்க; மரத்தூள் போட வந்தன்னைக்கே வெச்சுட்டேன்."