கோழியை எதிர்த்துப் பேசிய நாள்

தெரியாமல் தப்பாகப் பேசுகிறவர்களை மன்னித்துவிடலாம். தப்பாகப் பேசிவிட்டு அதற்கு விளக்கமும் கொடுக்கிறவர்களை மன்னிப்பது கஷ்டம். நான் இரண்டாவது ரகம்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது இரண்டு நாள் பறவை பார்க்கும் முகாமுக்குப் போயிருந்தேன். (முதல் நாள் முழுக்க மழை. ஆக, ஒரு நாள்.) அங்கே கொடுத்த சான்றிதழை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டியதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதில் தேவனூர் நாட்டில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் செல்வராசு. மிளகும் மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். மூன்று முறை போனில் பேசியதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போனது. இந்த இடம் கை நழுவிவிடக் கூடாது என்று தெரிந்த சாமிகளிடம் எல்லாம் வேண்டிக்கொண்டேன். அடுத்து, எங்கள் பக்கத்து ஆட்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர வேண்டும். பெண் கூடப் போகிற வழக்கம் கிடையாது. "அங்க குடியிருக்கப் போறது நானுங்கப்பா" என்று அடம்பிடித்து, திருப்புலி நாட்டிலிருந்து அப்பாவின் பைக்கில் பட்டுச்சேலையோடு ஏறிவிட்டேன்.

அத்தை காபி கொடுத்தார். (அப்போது அவர் இன்னும் அத்தை ஆகவில்லை. நான் முந்திக்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டேன்.) வாசலில் ஒரு தாய்க்கோழியையும் ஒன்பது குஞ்சுகளையும் மூங்கில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

"ஏனுங்கத்தை, பட்டப்பகல்ல எதுக்கு அடைச்சு வெச்சிருக்கறீங்க?"

"ரெண்டு நாளா ஒரு வல்லூறு சுத்திக்கிட்டுத் திரியுது கண்ணு. அதா, அந்த மரத்துல பாரு."

பார்த்தேன். சாம்பல் முதுகு, வயிற்றில் வரி வரியாகக் கோடு. முகாமில் சொல்லித் தந்த ஒரே பாடம் ஞாபகம் வந்தது. அக்கா குயில் அச்சு அசலாக வல்லூறு மாதிரியே இருக்கும், அனுபவசாலிகளே ஏமாந்துவிடுவார்கள். என் அறிவை இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் எப்போது கிடைக்கும்?

"அது வல்லூறு இல்லீங்க, அக்கா குயிலு. பாக்கறதுக்குத்தான் அப்படி இருக்கும். புழுப்பூச்சிதான் திங்கும்."

அதே நேரம் அந்தப் பறவை சாமைக்காட்டுக்குள் பாய்ந்தது. குருவிக்கூட்டம் சிதறியது. ஒரு குருவியை இரண்டு சுற்று துரத்தி, தவறவிட்டு, பழைய கிளைக்கே வந்து உட்கார்ந்தது.

"குருவியப் புடிக்கப் போகுதே கண்ணு?" என்றார் அத்தை.

"அது சும்மா வெளையாடுதுங்க."

(இதைச் சொன்னது நான்தான். பழியை யார் மேலும் போட வழியில்லை.)

பஞ்சாரத்துக்குள் தாய்க்கோழி கழுத்தை நீட்டி ஒரு மாதிரியாகக் கத்தியது. குஞ்சுகள் ஓடிப்போய் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

"பாரு, கோழியே சொல்லுது."

"கோழியும் ஏமாந்துதானுங்க கத்துது. அந்தக் குயிலப் பாத்துக் குருவிக எல்லாமே ஏமாறும்னு சொல்லிக் குடுத்தாங்க."

அப்பா என் காலை மிதித்தார். செல்வராசு சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அதை என் படிப்பைப் பார்த்துப் பெருமைப்பட்ட சிரிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு கையில் காபி டம்ளரோடு போய் மறு கையால் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன். "நான் பொறுப்புங்க" என்று வேறு சொன்னேன்.

குஞ்சுகள் வெளியே வந்து பத்து எண்ணுவதற்குள் அக்கா குயிலும் வந்தது. தரையோடு தரையாகப் பறந்து, என் முழங்காலை உரசிக்கொண்டு, ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. வளைந்த அலகையும் சிவந்த கண்ணையும் ஒரு முழத் தூரத்தில் பார்த்ததும் என் சந்தேகம் சுத்தமாகத் தீர்ந்தது. வல்லூறுதான்.

அப்புறம் நான் யோசிக்கவில்லை. பட்டுச்சேலையை முழங்காலுக்குச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினேன். கையிலிருந்த டம்ளரை வீசினேன். அது வல்லூறுக்கு நாலு முழம் தள்ளிப் போனது. இருந்தாலும் பறவை மிரண்டு குஞ்சைக் கீழே போட்டுவிட்டது. நான் சேற்றில் குப்புற விழுந்தேன்.

குஞ்சை முந்தானையில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தபோது தலைமுடி வரை சேறு. குஞ்சுக்கு இறக்கையில் ஒரு கீறல், உயிர் இருந்தது. அப்பா பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். அவமானத்துக்காக இல்லை, செல்வராசுவை இனிமேல் பார்க்க முடியாதே என்றுதான்.

அத்தை குஞ்சை வாங்கிக் காயத்தில் மஞ்சள் வைத்தார். எல்லாவற்றையும் பிடித்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"பொண்ணு பேசறது பூராந் தப்புங்க. ஆனா நல்லா ஓடுது. சாமைக்காட்டுல குருவி முடுக்கித் தொரத்தறதுக்கு ஓடற ஆளுதானுங்க வேணும். தை மாசம் வெச்சுக்கலாமுங்களா?"

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. இப்போது நான் அறிவியல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் நான் சொல்வதை அறுபது பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டிலோ, மழை வராது என்று நான் சொன்னாலும் சரி, பால் கெடவில்லை என்றாலும் சரி, "எதுக்கும் கோழிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்கிறார் கணவர்.

அதையாவது கேலி என்று விட்டுவிடலாம். ஐந்து வயது மகள் கேலி செய்வதில்லை. வானத்தில் ஏதாவது வட்டமடித்தால், "அம்மா, அது என்ன பறவை?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் கோழியைப் பார்க்கிறாள். மறைப்பானேன், அவளுக்கு முன்னாலேயே நான் பார்த்திருப்பேன்.