மாடிவீட்டுச் சர்க்கரையும் கீழ்வீட்டுக் கண்ணும்

கம்ப்யூட்டர் ஆபீஸில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தனார் மகனுக்கு, கீழ்வீட்டுப் பெரியம்மா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் பெரியப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் சுகமா இல்லையா என்பதை இப்போதெல்லாம் உன் ஆபீஸ்தான் முடிவு செய்கிறது. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டது பாதிக் காரணம், கண்ணில் விழுந்த புரை மீதிக் காரணம்.

போன லீவில் வந்தபோது உன் வேலை என்ன என்று எனக்கு விளக்கினாய். மாடிப்படியில் ஒன்பதாவது படியில் நின்றாய், கையில் பாதி கடித்த ஆப்பிள். "பெரியம்மா, ஒரே சர்க்கரையை ஒரு லேப்ல அஞ்சு புள்ளி நாலுன்னு எழுதறான், இன்னொரு லேப்ல தொண்ணூத்தெட்டுன்னு எழுதறான். இனிமே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பேர், ஒரே அளவு. ஒரு இடத்துல ரத்தம் எடுத்தா எல்லா இடத்துலயும் தெரியும். நீங்க துணிப்பையில சீட்டு தூக்கிட்டு அலைய வேண்டாம்"னு சொன்னே. நான் நல்லா இருடான்னு வாயார வாழ்த்தினேன். அந்த வாழ்த்தை இப்போ திருப்பி வாங்கிக்கிறேன்.

கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. உனக்கே தெரியும், எனக்கு உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒண்ணாத்தான் தெரியுது, உன் பெரியப்பா ரெண்டு நாள் உப்புக் காப்பியை மறுபேச்சில்லாமக் குடிச்சார், மூணாம் நாள்தான் "இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலோ"ன்னு கேட்டார். சரின்னு குளிச்சு முழுகிப் போய் உட்கார்ந்தா, கண் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "பாட்டி, சர்க்கரை முந்நூத்திப் பன்னெண்டு இருக்கே, கத்தி வைக்க முடியாது"ங்கிறார். எனக்கேதுப்பா சர்க்கரைன்னேன். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க"ன்னார். விடுவேனா, இப்பவே எடுத்துப் பாருன்னு கையை நீட்டினேன். எடுத்தாங்க. தொண்ணூத்தெட்டு! அதுவும் அதே ஃபைல்ல போய் உட்கார்ந்தது. இப்போ ஆபரேஷன் உண்டுதானேன்னா, அந்த மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு, "முந்நூத்திப் பன்னெண்டு, தொண்ணூத்தெட்டு, ஏறி இறங்கி ஆடுது பாருங்க, இது இன்னும் ஆபத்து, மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லையா?"ன்னு என்னையே திட்டறார். இல்லாத வியாதிக்கு வாங்காத மாத்திரையைப் போடலைன்னு திட்டு வாங்கினவ உலகத்துல நான் ஒருத்திதான்.

அதோட விட்டாங்களா? கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு, "பாட்டி, உங்களுக்கு ரத்தம் ரெண்டு வகை காட்டுது, பி பாசிடிவ், ஓ பாசிடிவ். உங்களுக்கு எதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு ஒரு தாளை நீட்டுது. ரத்தம் எடுத்தவன் நீ, கையெழுத்துப் போடறவ நானா? எனக்கு எது இஷ்டமோ அதைப் போடலாமான்னு கேட்டேன். "ஏதாவது ஒண்ணுதான் போடணும்"னு பதில் வருது.

வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் மனசு ஆறலை. அப்புறம் உன் பெரியப்பாவை என் போன்ல வந்திருக்கிற ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதியோட படிக்கச் சொன்னேன். முந்நூத்திப் பன்னெண்டு எடுத்தது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழே முக்கால். அந்த வியாழன் நான் எங்கேயும் போகலை, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தான், வாஷர் இல்லைன்னுட்டுப் போனான். ஆனா அன்னிக்கு ஏழு பத்துக்கு வாசல்ல ஒரு ஆட்டோ நின்னுது. மாடியிலேர்ந்து செருப்புச் சத்தம் இறங்கிச்சு. யாருன்னு நான் பார்க்கலை. நான் உங்கம்மாவைக் கவனிக்கிறதே இல்லை, பத்தொன்பது வருஷமா இல்லை. காதுல விழுந்ததைச் சொன்னேன்.

அப்போதான் புரிஞ்சுது இது யார் கைவேலைன்னு. உன் கைவேலை! எனக்கும் உங்கம்மாவுக்கும் ஒரே பேர். அண்ணன் தம்பிக்கு ஒரே பேர்ல பொண்ணெடுத்து, பெரியவ சின்னவன்னு கூப்பிட்டே காலத்தை ஓட்டினாங்க. ஒரே வீடு, ஒரே கதவு எண். ரெண்டு பேருக்கும் பிறந்த தேதி தெரியாது. எங்களை ஆஸ்பத்திரி லிஸ்ட்ல சேர்க்கிறேன்னு நீ ஒரே மூச்சுல உட்கார்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதியைத் தட்டினே. அவ போன் வேண்டாம்னு அடம்பிடிச்ச நேரம், அவளுக்கும் என் நம்பரையே போட்டே. உன் கம்ப்யூட்டர் பார்த்தது, இது ஒரே ஆள்னு முடிவு கட்டிடுச்சு. குக்கரை வாங்கிட்டுப் போய் விசில் இல்லாமத் திருப்பிக் குடுத்தவளோட ரத்தத்தை என் ரத்தத்துல கலந்துட்டியேடா! அது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை. "நீங்க குடுக்கறப்பவே விசில் இல்லை"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னா. உங்கப்பா இருந்திருந்தா சாட்சி சொல்லியிருப்பார்.

அவளை விடு. உன் பெரியப்பா அடுத்த வரியைப் படிச்சார் பாரு, அதை ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். "சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது, மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது." உங்கம்மா போற பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஆஸ்பத்திரியில எழுதினது. என் தொண்ணூத்தெட்டைப் பார்த்துட்டு அவ மாத்திரையைக் குறைச்சுட்டான்!

பதினாறு படி. கண் தெரியாது, எண்ணிக்கிட்டே ஏறினேன். கதவைத் திறந்து உங்கம்மா என்னையே பார்த்தா.

"என்ன, விசில் தேடி வந்தீங்களாக்கா?"

"வாயை மூடிட்டு மாத்திரையைக் காட்டுடி."

"பத்தொன்பது வருஷம் கழிச்சு வந்து கேக்கற கேள்வியா இது?"

"முழு மாத்திரை போடறியா, பாதியா?"

"பாதிதான். டாக்டரே குறைச்சார். சர்க்கரை அருமையா இருக்காம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளாகத் தலைசுற்றலாம். நாக்கு வறண்டு கிடந்தது.

"அது உன் சர்க்கரை இல்லடி, என்னோடது" என்றேன். "அதையும் எடுத்துக்கிட்டேன்னு சொல்லப்போறீங்களா?" என்கிறாள். அந்த நிலைமையிலும் வாய் மட்டும் குறையவில்லை.

அந்த வியாழக்கிழமை ஆட்டோவையே கூப்பிட்டு ரெண்டு பேரும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்ட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "தம்பி, நல்லாப் பாரு, நாங்க ரெண்டு பேர்"னேன். அவன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "ஒரு பதிவுக்கு ஒரு டோக்கன்தான் பாட்டி. ஒருத்தர் வெளியே நில்லுங்க." அவளை உள்ளே தள்ளிவிட்டு நான் வெளியே நின்றேன். டாக்டர் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார், முந்நூற்று நாற்பது. பழைய அளவையே முழுசாகப் போடச் சொல்லிக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைத் துணிப்பையில்தான் போட்டுக்கொண்டு வந்தோம்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் முதல் வேலையாக எங்களைப் பிரித்து விடவும். கண் டாக்டர் அடுத்த மாதம் பதினாலாம் தேதி வரை பொறுக்கிறேன் என்கிறார். அதற்குள் என் ஃபைலில் என் ரத்தம் மட்டும் இருக்க வேண்டும். உங்கம்மாவின் ஒரு சொட்டுக்கூட என் போனுக்கு வரக்கூடாது. உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். குழந்தைக்கு முத்தம், அதற்குப் பிறந்த தேதியைச் சரியாகப் போட்டாயா என்று பார்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா (பி பாசிடிவ்)

பி.கு.: ரத்தத்தைப் பிரி, போனைப் பிரிக்காதே. சின்னவளோட ரிப்போர்ட் என் நம்பருக்கே வரட்டும். நேத்து இனிப்பே தொடலைன்னு சத்தியம் பண்ணினா, அடுத்த நிமிஷம் இருநூத்தி எண்பதுன்னு என் போன்ல வந்து நிக்குது. இவ்வளவு சௌகரியம் எனக்கு இந்த ஜென்மத்துல கிடைச்சதில்லை.

இன்னொண்ணு. என் பழைய லேப் சீட்டுகளை உனக்கு அனுப்பலாம்னு பரண்மேல இருந்த டப்பாவை இறக்கச் சொன்னேன். சீட்டுக்கு அடியில குக்கர் விசில் இருக்கு. நான்தான் பத்திரமா இருக்கட்டும்னு கழட்டி வெச்சிருக்கேன். உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. ஆபரேஷன் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன். அதைக் கேக்கறப்போ அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெளிவாத் தெரியணும்.