வலம் சுற்றிய சங்கிலி

கழற்றுகிறவர் என்று ஒரு பிறவி உண்டு, பார்த்திருப்பீர்கள். நின்றுபோன கடிகாரம், கிறீச்சிடும் கிணற்று ராட்டினம், சுருதி தப்பிய ஆர்மோனியம், எது கண்ணில் பட்டாலும் இவருக்குக் கை அரிக்கும். "கொல்லனுக்கு ஏன்வே ஆள் அனுப்புதீரு? நாம எதுக்கு இருக்கோம்?" என்பார். அதுதானே யாருக்கும் விளங்காத கேள்வி!

பாளையங்கோட்டைப் பக்கம் இந்த இனத்துக்குத் தலைவர் மந்திரமூர்த்தி பிள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் இவரிடம் அகப்பட்டவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தேவமணி. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பழைய எருவண்டி ஒன்று வாத்தியாரிடம் இருந்தது. மாடு இழுக்க, சக்கரம் உருள, அடித்தட்டில் ஓடும் சங்கிலி எருவைப் பையப் பைய பின்னால் நகர்த்தும். பின்னாலிருக்கும் முள்ளுருளை அதை வயலெல்லாம் வாரி இறைக்கும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது. திங்கட்கிழமை கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள். வயல் நனைந்தால் வண்டி இறங்காது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் சபைப் பாதிரி ஐயர் பிரசங்கத்திலேயே பேர் சொல்லிவிடுவார். ஆக, சனிக்கிழமைக்குள் எரு விழவில்லையென்றால் கார் சாகுபடி அதோகதிதான்.

ஒரே ஒரு கண்ணி! பேட்டைக் கொல்லர் காஜா முகைதீன் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அடித்துக் கொடுத்துவிடுவார். தேவமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டார். வாசலில் யார்? மந்திரமூர்த்தி. வேண்டாம் என்று சொல்ல வாத்தியாருக்கு நாக்கு எழவில்லை; அவர் சுபாவம் அப்படி.

புதன்கிழமை சங்கிலி இறங்கியது. வியாழக்கிழமை, சங்கிலிக்குத் துணையாகச் சக்கரம், அச்சு, ஆணி, ஆணிக்குள் ஆணி எல்லாம் இறங்கின. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியின் வலப்பக்கம் குந்தியிருந்த பிள்ளை திடீரென்று துள்ளி எழுந்தார்.

"வாத்தியாரே, குத்தம் எங்கன இருக்குன்னு கண்டுக்கிட்டேன்! சக்கரம் வலமாச் சுத்துது, சங்கிலி இடமாச் சுத்துது. அபசகுனம்லா வே! அறுந்துபோகாம என்ன செய்யும்?"

வாத்தியார் மனைவி பாக்கியவதி எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தா அது வலமால்லா தெரியும்?"

"பொம்பளையளுக்கு யந்திரம் விளங்காது தாயி."

அறுந்த கண்ணியைக் கம்பியால் முறுக்கினார். சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவிலிருந்த இரண்டு சின்னப் பல்சக்கரங்களில் ஒன்றைத் தூக்கி எறிந்தார். "இது சீமைக்காரன் அழகுக்கு வச்சது." மற்ற மூன்றையும் நெருக்கிப் பூட்டினார். சங்கிலி இப்போது சாஸ்திரோக்தமாக வலம் சுற்றியது.

சனிக்கிழமை வண்டி நிறைய எரு. வண்டிக்காரன் பலவேசத்துக்குப் பக்கத்தில், சலவை வேட்டியும் தலைப்பாகையுமாகப் பிள்ளை ஏறி உட்கார்ந்தார். "ஓட்டுலே!"

மாடு பத்தடி வைத்திருக்கும். எருவுக்குப் பின்னால் போகும் உத்தேசமே இல்லை. முன்னால் நகர்ந்தது, குவிந்தது, முன்பலகையைத் தாண்டியது, பொலபொலவென்று பிள்ளையின் தலைமேல் இறங்கியது. "நிறுத்துலே! நிறுத்துலே!" பலவேசம் எங்கே நிறுத்துவான்? மிரண்ட மாடுகள் வேகம் பிடிக்க, சங்கிலியும் வேகம் பிடித்தது. தேவமணிக்கு அழுகை முட்டியது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டு, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியவதி சிரிக்கவில்லை. ஓலைக் கடகப்பெட்டியில் எருவை அள்ளித் தூக்கினாள், தெருப் பெண்களும் தூக்கினார்கள். பொழுது அடைவதற்குள் சுமந்து கொட்டியதில் பாதி வயலுக்கு எரு விழுந்தது. மறுபாதிக்குத் திங்கட்கிழமை வெறும் தண்ணீர்தான் பாய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, பாதி கரும்பச்சையாகவும் பாதி வெளிறியும் நின்ற பயிரைப் பார்க்க மந்திரமூர்த்தி பிள்ளை வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாத்தீரா வாத்தியாரே, நம்ம கை பட்ட பாதி எப்படி நிக்கி!" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'வண்டியைப் பின்பக்கமாக ஓட்டியிருந்தால் எரு சரியாக விழுந்திருக்குமே' என்று உங்களுக்குச் சற்றுமுன் ஒரு யோசனை தோன்றவில்லையே? தோன்றியிருந்தால், ஐயா, தேவமணி வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அங்கே ஏற்கனவே ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.