சுக்கான் பிடித்த கை

அன்று காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் எங்கள் குடும்பத்துக்குத் தலைவன் நான்தான்.

தரையில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே நான் இருமினால் ஹால் முழுக்க நாற்காலிகள் நிமிரும். வீட்டில் இருமினால் வெந்நீர் வரும், அவ்வளவுதான். ஆனால் கடல் சமாசாரம் வேறு. படகு என்றால் அதற்கு ஒரு கேப்டன் உண்டு. கேப்டன் சொன்னால் சொன்னதுதான்.

என் நண்பர் பல் டாக்டரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு சும்மா நின்றுகொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் நிமிரலாம். "சீசன் முழுக்க ஓட்டிக்கோங்க சார்" என்று அவரே சாவியைக் கொடுத்தார். கரையோரமாகவே போக வேண்டியது, தோன்றிய இடத்தில் நங்கூரம் போட வேண்டியது, கேப்டனாக வாழ வேண்டியது. மனைவி மறுப்பாள் என்று ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு தயாரித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"நாம கடல்ல கொஞ்ச காலம் வாழப் போறோம்" என்றேன்.

"படகுலயா? எப்பங்க கிளம்பறோம்?"

அவ்வளவு பேச்சும் வீண். அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள். "பாதியில யாரு 'வீட்டுக்குப் போகலாம்'னு முதல்ல சொல்றாங்களோ, அவங்க முன்னறையை விட்டுக் கொடுத்துடணும்."

முன்னறை என் ராஜ்யம். தெருவைப் பார்த்த ஜன்னல், சாய்வு நாற்காலி, நான் என்றைக்காவது படிக்கப் போகும் பழைய செய்தித்தாள் மலை. அந்த அறையில் தையல் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்கு வெகு நாளாக ஒரு கண். அவளுடைய தையல் மிஷின் நடையில் நின்று போகும்போதும் வரும்போதும் என் முட்டியைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ முதல்ல சொல்லிட்டா?"

"தையல் வகுப்புப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

குளியலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டால் தெருமுனை வரை கேட்கும்படி அலறுகிறவள் அவள். கடலில் இரண்டு நாள் தாங்குவாளா? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறையில் பல் டாக்டர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். படகின் பின்புறத்தில் சுக்கான். அதைத் திருப்ப ஒரு நீளமான கைப்பிடி.

"இதுல ஒரே ஒரு விஷயந்தான் சார். கைப்பிடியை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகும். வலது பக்கம் தள்ளினா இடது பக்கம் போகும்."

"அதெப்படி டாக்டர்? இடதுன்னா இடதுதானே?" என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். துறையின் தூணில் கட்டியிருந்த டயரில் போய் முட்டினேன். திருத்திக்கொண்டு மறுபடி தள்ளினேன். அடுத்த டயர்.

என் மனைவி கைப்பிடியை வாங்கினாள். படகு நல்ல பிள்ளையாகத் திரும்பித் துறையை விட்டு வெளியே போனது.

"பிரமாதம்மா! எப்படிப் பார்த்ததும் வந்துது?"

"எனக்குப் பழக்கமான விஷயந்தான் டாக்டர்" என்றாள். ஸ்கூட்டர் ஓட்டுவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கிளம்பினோம். வெதுவெதுப்பான கடல், கண்ணாடித் தண்ணீர், காற்று நிறைந்த பாய். முதல் நாள் கேப்டன் வாழ்க்கை அமோகம். மறுநாளிலிருந்துதான் வயிறு பேச ஆரம்பித்தது. பாயின் அடியில் குறுக்காக ஒரு நீளக் கட்டை உண்டு. காற்று மாறினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிப் போகும். அது போகிற வழியில் எப்போதும் என் மண்டை இருந்தது. படுக்கை ஈரம், தலையணை ஈரம், பெட்டியில் பூட்டி வைத்த காலுறையும் ஈரம். கழிப்பறையில் உட்கார்ந்தபடியே பம்பு அடிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அனுப்பியது திரும்பி வரும்.

எனக்கு என் சாய்வு நாற்காலி ஞாபகமாகவே இருந்தது. அது ஆடாது.

அவளோ, "என்னங்க, காத்து எவ்வளவு சுகமா இருக்கு!" என்பாள். அடிக்கடி படகின் முன்னால் போய்க் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். "மீனுங்களைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். எனக்குக் கொடுக்காமல் பிஸ்கட் தின்கிறாள் என்று சந்தேகப்பட்டேன்.

'வீட்டுக்குப் போகலாம்' என்று நான் சொல்ல முடியாது. அவளைச் சொல்ல வைக்கலாம். கிளைம் கேட்டு வந்தவர்களையெல்லாம் கிளைமே வேண்டாம் என்று ஓட வைத்த மூளை இது. ஒரு பெண்மணி எம்மாத்திரம்?

அலையில்லாத அழகான வளைவு ஒன்று வந்தது. அதை விட்டுவிட்டு வேண்டுமென்றே திறந்த கடலில் நங்கூரம் போட்டேன். படகு அப்படியும் இப்படியும் புரண்டது. நான் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குங்க" என்று அவள் மத்தியானத் தூக்கம் போட்டாள்.

அடுத்து, அவள் பார்க்காத நேரத்தில் குடிதண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். மொத்தமும் போயிற்று. கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன்.

"அடடா, தண்ணி தீர்ந்துபோச்சே! இனிமே என்னம்மா பண்றது?"

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. படகு மிதந்துகிட்டுத்தானே இருக்கு? அதோ கரையில குழாய் தெரியுது பாருங்க. கேன் எடுத்துட்டுப் போங்க."

"யாரு, நானா?"

"கேப்டன் நீங்கதானே?"

கூடவே இழுத்து வந்த தோணியில் கேன் கேனாகக் கரைக்கும் படகுக்கும் துடுப்புப் போட்டேன். பொழுது சாய்ந்தபோது தொட்டி நிரம்பியது. என் தோள்பட்டை இரண்டும் கழன்றிருந்தன.

இதற்கெல்லாம் அசருகிறவனா நான்? தோள்பட்டை தேற ஒரு வாரம் ஆயிற்று, அவ்வளவுதான். மூன்றாவது யோசனை உச்சம். அவள் மீன் பார்க்கப் போன சமயம், பேனாக்கத்தியால் பாயின் தையலை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தேன். பாய் இல்லாமல் படகு ஏது, பயணம் ஏது?

"ஐயையோ! காத்து கிழிச்சிடுச்சும்மா!"

அவள் வந்தாள். கிழிசலைத் தடவிப் பார்த்தாள்.

"காத்து ரொம்ப நேர்த்தியா கிழிச்சிருக்குங்க. தையலை ஒட்டியே வந்திருக்கு."

"கடல் காத்தும்மா. அப்படித்தான் இருக்கும்."

"பரவாயில்லை. தையல் பெட்டி கொண்டு வந்திருக்கேன். நீங்க துணியை இழுத்துப் பிடிங்க."

கொதிக்கிற வெயிலில் நான் பாயை இழுத்துப் பிடித்து நிற்க, அவள் நிதானமாக இரட்டைத் தையல் போட்டாள். ஊசி இரண்டு தடவை என் கட்டைவிரலையும் சேர்த்துத் தைத்தது.

"தெரியாம பட்டுடுச்சுங்க" என்றாள் இரண்டு தடவையும்.

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "என்னங்க, ஒரு யோசனை. இந்தக் கடல் எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. சீசன் முடிஞ்சாலும் நாம திரும்பவே வேண்டாம். மழைக்காலத்தையும் இதுலயே கழிச்சிடலாம்."

"மழைக்காலத்தையுமா?"

"ஆமா. வீடு சும்மாத்தானே கிடக்கு? என் தம்பி பிள்ளைகுட்டியோட வந்து இருந்துக்கட்டும். உங்க முன்னறை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். எப்ப வந்தாலும் அந்தச் சாய்வு நாற்காலியிலதானே படுத்துக்குவான்? அந்தப் பழைய பேப்பரையெல்லாம் அவனே எடைக்குப் போட்டுடுவான்."

மச்சினனுக்கு ஆகிருதி பெரிது. அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலிக்கு அதற்குப் பிறகு நாற்காலி என்று பெயர் கிடையாது. என் கண் முன்னால் என் ராஜ்யம் பிள்ளைகுட்டிகளோடு போய்க்கொண்டிருந்தது. காற்று மாறியது. குறுக்குக் கட்டை வந்து மண்டையில் இறங்கியது.

"வீட்டுக்குப் போகலாம்!" என்று கத்திவிட்டேன்.

"அவ்வளவு சொல்றீங்கன்னா சரிங்க" என்றாள். அடுத்த மூச்சில் கைப்பிடியைத் தள்ளிவிட்டாள். படகு சட்டென்று ஊர்ப்பக்கம் திரும்பியது. அது கூட அதற்காகத்தான் காத்திருந்தது போலிருந்தது.

படகுத்துறையில் பல் டாக்டர் கயிறு வாங்கிக் கட்டத் தயாராக நின்றிருந்தார்.

"எப்படி டாக்டர் இன்னைக்கு வருவோம்னு தெரியும்?"

"அம்மா போன வாரமே போன்ல சொன்னாங்களே சார்!"

போன வாரம் நான் தண்ணீர்க் கேன் சுமந்துகொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் 'தையல் வகுப்பு' என்று புதுப் பலகை தொங்கியது. முன்னறையில் ஜன்னலுக்கு நேராகத் தையல் மிஷின். என் சாய்வு நாற்காலி நடையில் நின்று என் முட்டியைப் பதம் பார்த்தது. மச்சினன் போன வாரமே எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு இங்கே குடிவரும் எண்ணமே இருந்ததில்லையாம்.

என் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "அப்பாடா! தரை ஆடாம இருக்கிறதே ஒரு சொர்க்கங்க."

"கடல் உனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதே?"

"பிடிச்சுதா! முதல் நாள்லேருந்து குடலே வெளியில வந்துடும் போல இருந்துது. நான் முன்னால போய்க் குனிஞ்சு நின்னது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"மீன் பார்க்க..."

"மீனுக்குச் சாப்பாடு போட!"

"அப்புறம் எதுக்கு அவ்வளவு புகழ்ந்தே?"

"'போதும், திரும்பிடலாம்'னு நான் சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? வீம்புக்கு அடுத்த கண்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. ஏங்க, கைப்பிடியை இடது பக்கம் தள்ளினா படகு எந்தப் பக்கம் போகும்?"

எனக்கு எல்லாம் விளங்கியது. பழக்கமான விஷயம் என்று அவள் பல் டாக்டரிடம் சொன்னது ஸ்கூட்டரை அல்ல. ஆத்திரம் வந்தது. ஆனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. சூத்திரம் தெரிந்துவிட்டதே! இனி இவள் எந்தப் பக்கம் தள்ளினாலும் நான் நேராகத்தான் போவேன்.

"கேட்டுக்கோ" என்றேன் நிமிர்ந்து. "இனிமே நீ என்னை ஓட்ட முடியாது. ரகசியம் தெரிஞ்சு போச்சு."

"நல்லதுங்க. நான் சமைக்கிறேன். நீங்க மட்டும் அடுக்களைப் பக்கம் வந்துடாதீங்க. உங்களுக்கு வெங்காயம் நறுக்கக்கூட வராது."

"யாருக்கு வராது? எனக்கா?"

பாதிக் கூடை வெங்காயம் நறுக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்னறையில் தையல் மிஷின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.