உலகத்தார் அன்பளிப்பு

எங்கட ஒட்டுசுட்டான் பக்கம் இலவசமா வாற எதுக்கும் பெயர்ப்பலகை வேணும். கிணறோ கோழிக்கூடோ, தந்தவரின்ர பேர் எழுதி நட்டாத்தான் பாவிக்கலாம்.

போன மாசம் எங்கட ஊர் அரசாங்கக் கந்தோருக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தது. அண்டைக்கெண்டு கமலாசனி அக்கா, யானையைக் கலைக்க அரசாங்கம் சும்மா குடுக்கிற யானை வெடிக்குக் கடிதம் கேட்டுப் போய் நிண்டா. அவாவின்ர வயல் காட்டோரம். நெல்லு வெட்ட ஒரு கிழமை இருக்க, யானை வரம்பில வந்து நிக்குது, பாவம் அக்கா. கொம்பியூட்டர் வந்தபிறகு கையால எழுதின கடிதம் செல்லாதாம்.

"கடிதம் அடிக்கிற மென்பொருளும் இருக்குது ஐயா. இயங்குதளத்தோட சும்மா தந்தவை" எண்டா எழுதுவினைஞர் தர்மிளா.

பொறுப்பதிகாரி பரமலிங்கம் கண்ணாடியைக் கழட்டினார். "சும்மாவோ? ஆர் தந்தது?"

"கொம்பியூட்டர் வித்த கடைக்காரர். செய்தது உலகம் முழுக்க இருக்கிற கனபேர்."

"கனபேரெண்டாப் பலகையில என்னத்தை எழுதுறது? திறக்காதேங்கோ பிள்ளை."

வவுனியாவில இருக்கிற கடைக்குப் போன் எடுத்தினம். "அது வாங்கிற எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது, பேசாமப் பாவியுங்கோ" எண்டு கடைக்காரர் வைச்சிட்டார். சும்மா குடுக்கிற சாமானெண்டா அதுக்கு வறிய பயனாளி வேணும். கந்தோர் பயனாளியாகேலாது. சுத்திப் பார்த்தால் வாசலில கமலாசனி அக்கா மட்டும்தான் நிண்டா.

பிறகென்ன, கையளிப்பு விழாதான். மங்கள விளக்கு, தின்ன ரோல்ஸ், ரெண்டு மணித்தியாலப் பேச்சு. மென்பொருளை இறுவட்டில ஏத்தி, மாலை போட்டு அக்காவின்ர கையில குடுத்தினம். குடுத்த சாமான் கந்தோரில இருக்கப்படாதெண்டு கொம்பியூட்டரில இருந்து அழிச்சும் போட்டினம். 'உலகத்தார் அன்பளிப்பு' எண்டு பலகை எழுதி அவாவின்ர வரம்பில நட்டினம்.

"என்னட்டக் கொம்பியூட்டர் இல்லையே ஐயா."

"அது வேற திட்டம் அக்கா."

"அப்ப என்ர யானை வெடி?"

பரமலிங்கம் ஐயா உண்மையாவே கவலைப்பட்டார். "ஒரு குடும்பத்துக்கு ஒரு இலவசம்தான். நீங்கள் எடுத்திட்டியள்."

மூண்டாம் நாள் யானை வந்து வயலைத் திண்டு முடிச்சிட்டு, பலகையையும் பிடுங்கி எறிஞ்சிட்டுப் போச்சு. அக்கா வரம்பில இருந்து அழுதா.

விடிய ஊரே பெட்டிசத்தோட கந்தோரில நிண்டது. அக்காவின்ர நெல்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அவாவுக்கு மட்டும் மென்பொருள் குடுத்தது எந்த ஞாயத்தில, எங்களுக்கு ஏன் தரேல்லை எண்டுதான் சண்டை.

அக்காவுக்கு அடுத்த வயல் என்ரது, இன்னும் வெட்டேல்லை. பெட்டிசத்தில முதல் கையெழுத்தும் என்ரதுதான்.