எங்கள் ஆமீனும் உங்கள் போத்தலும்

மருதமுனை,
கல்முனை.

பனிமலர் குளிர்பானக் கம்பனியின் விளம்பரப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எந்த மார்க்கத்தவர் என்று எனக்குத் தெரியாது. சமாதானம் உண்டாகட்டும் என்பதுதான் இதன் பொருள். இந்தக் கடிதத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் சமாதானம் இவ்வளவுதான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் வீட்டாரும் நலம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும், இதை வாசித்து முடிக்கும் வரையாவது.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓய்வுபெற்ற ஷரிபுதீன், எங்கள் ஊர் சுனாமி நினைவுதினக் குழுவின் செயலாளர். இத்தனை வருஷமும் கடற்கரையில் குர்ஆன் ஓதி, துஆ கேட்டு, கலைந்து போவோம். இந்த முறைதான் கடல் கொண்டுபோய் மௌத்தானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம், ஒவ்வொரு பெயருக்கும் சனம் ஆமீன் சொல்லட்டும் என்று தீர்மானித்தோம். எங்கள் ஒலிபெருக்கியோ உப்புக்காற்றில் கறள் பிடித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் விற்பனைப் பிரதிநிதி மிஹ்லார் அண்ணன் முறை கொண்டாடிக்கொண்டு வந்தார். “காக்கா, சவுண்டும் தாறம், வெயிலுக்க இருக்கிற சனத்துக்குக் குடிக்கவும் தாறம், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்றார். இரண்டு பெட்டி சோடா வரும் என்று நினைத்து நானும் ஓம் என்றேன். மறுநாள், நினைவுதினக் காலையில் பார்த்தால் தென்னைமர உயரத்தில், காற்றடித்த பிளாஸ்டிக் துணிப் போத்தல் ஒன்று கடலை மறைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறது.

அதையாவது கண்ணை மூடிப் பொறுத்துக்கொள்ளலாம், காதை எப்படி மூடுவது? ஒலிவாங்கியில் பேச்சு நின்றவுடன் தானாகவே உங்கள் பாட்டு பாடும்படி ஒலிப்பெட்டியை அமைத்திருக்கிறார்கள். நஸீம் மௌலவி ஒரு பெயரை வாசித்து மூச்சு விடுவார், உடனே “குடி குடி பனிமலர், குதூகலமாய்க் குடி” என்று ஒரு பெண் பாடுவாள், கண்ணை மூடிக் கையேந்தி அழுதுகொண்டிருந்த சனம் சத்தம் ஓய்ந்ததும் பழக்கத்தில் ஆமீன் என்று சொல்லும். உலகத்திலேயே சோடா விளம்பரத்துக்கு ஆமீன் சொன்ன ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். மௌலவி பாவம், நிறுத்தினால் பாட்டு முழுவதும் ஓடும், வாசித்தால் கொஞ்சம் அடங்கும் என்பதால் வேர்க்க வேர்க்க வாசித்துக்கொண்டே போனார். மிஹ்லார் வயரைப் பிடுங்க ஓடினார். வயர் உங்கள் லொறிக்குள், லொறிச் சாவி சாரதியிடம், சாரதி தேத்தண்ணிக் கடையில். அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் பஹ்மிதா என்ற பெயரும் போய்விட்டது. அது என் மகள். ஏழு வயது.

சனம் கொதித்தெழுந்ததும் லொறி பறந்துவிட்டது, போத்தல் மட்டும் தனியே நின்றது. அத்தோடு விட்டீர்களா? என் பிள்ளையின் பெயர், உங்கள் பாட்டு, எங்கள் ஆமீன், மூன்றையும் வெட்டி ஒட்டி வீடியோவாக்கி, “கல்முனைக் கரையின் அமோக வரவேற்பு” என்று பேஸ்புக்கில் போட்டீர்கள். கத்தாரிலிருந்து என் தங்கை மகன் போனில் கோல் எடுத்து, “மாமா, ஏஜென்சி எடுத்திட்டீங்களா?” என்று கேட்கிறான்.

உங்களுக்கு எழுதினேன். நிகழ்வு எமது நிறுவனத்தினுடையதல்ல, ஒலியமைப்பு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று பதில் போட்டு, கூடவே சோடாப் பெட்டிகளும் அனுப்பினீர்கள். ஒப்பந்தக்காரர், பாட்டு விளம்பர முகவருடையது என்றார். முகவர், கம்பனி சொன்னதைச் செய்தோம் என்றார். நல்லது. நிகழ்வு உங்களுடையதல்ல என்றால், நிகழ்வில் நின்ற போத்தலும் உங்களுடையதல்ல. காற்றை இறக்கி என் வீட்டு வளவில் போட்டிருக்கிறேன், வெள்ளாமை வெட்டியதும் நெல் காயப்போட உதவும். மிஹ்லார் வந்து, “போத்தல் இல்லாட்டி என்ட வேல போயிரும் காக்கா” என்று அழுதார். “ஒன்ட வேலைக்கு நான் பொறுப்பு, போத்தலத் தரமாட்டன்” என்றேன். பாருங்கள், பொறுப்பு என்ற சொல் எவ்வளவு லேசாக வாயில் வருகிறது. அவருடைய வேலையில் நீங்கள் கைவைத்தால் உங்கள் லொறி இந்த ஊரில் நுழையாது.

ஆகவே வீடியோவைப் பேஸ்புக்கிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். பிறகு நீங்களே வாருங்கள், லொறியில்லாமல், பாட்டில்லாமல். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று, இதைச் செய்தது எங்கள் கம்பனிதான் என்று வாயால் சொல்லுங்கள். சோடாப் பெட்டிகள் திறக்காமல் இருக்கின்றன, போகும்போது ஏற்றிக்கொண்டு போங்கள். வராவிட்டால் போத்தலை மறுபடி ஊதி, “இதற்குப் பொறுப்பானவர் யாருமில்லை” என்று எழுதிப் பிரதான வீதியில் நிறுத்துவேன். அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ் எல்லாம் பார்த்துக்கொண்டு போகட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும், அவற்றோடு கொஞ்சம் வெட்கத்தையும் தரட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஷரிபுதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் என் மனைவி றிஸ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வீடியோவ எடுக்கச் சொல்லாதீங்க” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஏன் என்று கேட்டேன். எங்கள் மனம் நோகும் என்று இந்த ஊரில் யாரும் எங்கள் பிள்ளையின் பெயரை எங்களுக்கு முன்னால் சொல்வதில்லை. “அதுலதான் நம்மட புள்ளட பேரச் சொல்லுறாங்க, ஊரே ஆமீன் சொல்லுது. நான் நெடுகக் கேக்கிற. நடுவுல வாற பாட்டத்தான் பொறுக்க ஏலாம இரிக்கி” என்றாள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஆகவே வீடியோ இருக்கட்டும். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. பாட்டை மட்டும் வெட்டி எடுங்கள், போத்தலை நானே மடித்து மிஹ்லாரிடம் கொடுத்தனுப்புகிறேன். பஹ்மிதா, பிறகு ஆமீன். இடையில் ஒன்றும் வேண்டாம்.